பழைய ஃபர்னஸை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் போடலாமா?

கேள்வி: கனடாவில், டொரொண்டோவின் ஸ்காபரோவில் வீடு. வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் கிழடாகிவிட்டது, ஏசியும் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. இரண்டுக்கும் பதிலாக, குளிர்காலத்தில் சூடும் கோடையில் குளிரும் தரும் ஹீட் பம்ப் போடு என்கிறார் மச்சான். மைனஸ் 20இல் தாங்குமா?

பதில்: தாங்கும், கடுங்குளிருக்கென்றே வரும் மாடலாகப் பார்த்து வாங்கினால். அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் இருப்பதை உள்ளே இழுக்கிறது, அதனால் 5 டிகிரியில் ஒரு யூனிட் கரண்டுக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும், குளிர் ஏற ஏற அது குறையும்.

பதில்: காசுக்கணக்கு வேறு. கேஸ் பில்லில் இருந்த அரசாங்கத்தின் கார்பன் கட்டணம் 2025 ஏப்ரலில் போனதும் கேஸ் மலிவாகிவிட்டது. நானென்றால் ஏசி இடத்தில் ஹீட் பம்ப், கடுங்குளிருக்குச் சின்ன ஃபர்னஸ். முழுக்கக் கரண்டுக்கு மாறுவதென்றால் முதலில் வீட்டின் மின் பேனல் 100 ஆம்பியரா என்று பாருங்கள், அது போதாமல் போகலாம்.

பதில்: அப்புறம், ஹீட் பம்பில் வரும் காற்று, ஃபர்னஸ் காற்று அளவுக்குச் சுடாது. எங்கள் அம்மா காற்று வரும் வென்டில் கையை வைத்து, "இது வேலை செய்யுதா?" என்று இன்னும் கேட்கிறார். வெளி யூனிட்டைப் பனி மூடாத உயரத்தில் ஸ்டாண்ட் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.