விமானம் இறங்கும்போது பிரேக் டார்க் (சக்கரத்தை நிறுத்தற திருப்புவிசை): எனக்கு ரெண்டு விடை வருது, எது சரி?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வணக்கம்ங்க. ஊர் கொழிஞ்சாம்பாறை, படிக்கிறது கோயமுத்தூர்ல, மெக்கானிக்கல் மூணாம் வருஷம். 2020 ஆகஸ்ட் 7 ராத்திரி துபாயிலிருந்து வந்த போயிங் 737-800 விமானம் கரிப்பூர்ல (கோழிக்கோடு ஏர்போர்ட்) ரன்வே தாண்டி விழுந்து 21 பேர் இறந்தாங்களே, அப்ப நான் பத்தாவது. அன்னிக்கிருந்தே இந்தக் கணக்கு மனசுல கிடக்கு. இப்ப செமினாருக்கு அதையே எடுத்திருக்கேன்.

எடை 60,000 கிலோ, தரை தொடும் வேகம் நொடிக்கு 70 மீட்டர், சுமை ஏறின டயர் ஆரம் அரை மீட்டர்னு வச்சுக்கிட்டேன். நொடிக்கு நொடி 2 மீட்டர் வேகம் குறையணும்னா 120 கிலோநியூட்டன் விசை வேணும். ஆறு சக்கரத்துக்குப் பிரிச்சா ஒண்ணுக்கு 20, அதை ஆரத்தால பெருக்கினா டார்க் 10 கிலோநியூட்டன் மீட்டர். ஆனா உராய்வுக் கெழு 0.5 வச்சு எடையிலிருந்து போட்டா ஒரு சக்கரத்துக்கு டார்க் 24.5 வருது. எதை எழுதறது?

வாளையார் ரோடு:
ஆறு இல்லைங்க, நாலு. 737ல முன் சக்கரத்துக்குப் பிரேக்கே கிடையாது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அப்ப முதல் கணக்கு 15 ஆகுதுங்களே?

மீனாட்சிபுரம் பெரியவர்:
ஆகாது தம்பி. நான் சக்கரமும் பிரேக்கும் பிரிச்சு மாட்டுற பட்டறையில 24 வருஷம் இருந்தவன், நிதானமாச் சொல்றேன்.

அந்த 120ஐ பிரேக் மட்டும் தர்றதில்லை. காத்தோட இழுவையும் ரிவர்ஸ் த்ரஸ்ட்டும் (எஞ்சின் காத்தை முன்பக்கமாத் திருப்பி விடறது) பங்கு எடுத்துக்கும். ரெண்டும் சேர்ந்து சராசரியா 40னு வச்சுக்கோ. மிச்சம் 80, நாலு சக்கரம், ஆளுக்கு 20, டார்க் 10. உன் முதல் விடைதான், ஆனா ரெண்டு தப்பு ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டி வந்தது. தேர்வுத்தாள்ல மார்க் கிடைக்கும், பட்டறையில கிடைக்காது.

ரெண்டாவது கணக்கு வேற கேள்விக்கு விடை. விமானம் கேட்கிறது முதல் எண், ரோடு தரக்கூடியது ரெண்டாவது. ரோடு தர்றது குறைஞ்சா அதுதான் நிஜம். அதையும் மொத்த எடைக்குப் போடாதே, பிரேக் இருக்கிற பின் சக்கரங்கள் சுமக்கிறது சுமார் 90 சதவீதம்தான்: 530 கிலோநியூட்டன். ஈரத்துல கெழு 0.2ன்னா 106 கிடைக்கும், உனக்கு வேண்டிய 80க்குப் போதும். தண்ணி தேங்கி டயர் மிதந்து 0.05 ஆச்சுன்னா 26தான். எவ்வளவு மிதிச்சாலும் அதுக்கு மேல வராது.

இன்னொண்ணு, தொட்ட உடனே முழு எடையும் சக்கரத்துக்கு வராது, இறக்கை இன்னும் தூக்கிட்டு இருக்கும். லோடில்லாத லாரி மழையில பிரேக் பிடிச்சா டயர் நின்னுபோய் வண்டி வழுக்கும் பாரு, அதே கதை. அதனாலதான் இறங்கினதும் இறக்கை மேல இருக்கிற ஸ்பாய்லர் தகடு எழும்புது, தூக்கலைக் கொன்னு எடையைத் தரைக்கு இறக்க. சக்கரம் பூட்டாம ஆன்ட்டி ஸ்கிட்ங்கிற அமைப்பு பிரேக் பிரஷரை விட்டு விட்டுப் பிடிக்கும்.

சக்கரத்தோட சுழல் வேகத்தையும் குறைக்கணுமேன்னு கேட்பே. நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சியை மாத்த விடாத குணம்) 20 கிலோகிராம் சதுர மீட்டர்னு வச்சாலும் 80 நியூட்டன் மீட்டர்தான் கூடும், பத்தாயிரத்துல அது தூசு.

செமினார்ல வெப்பத்தைச் சொல்லாம விடாதே. 70லிருந்து நொடிக்கு 2 குறைஞ்சு நிக்க 1,225 மீட்டர் ஓடணும், 80 கிலோநியூட்டனை அதால பெருக்கு: 98 மெகாஜூல். ஒரு சக்கரத்துக்கு 24.5 மெகாஜூல். 80 லிட்டர் தண்ணியை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கிற சூடு, அரை நிமிஷத்துல, ஒரு சக்கரத்துக்குள்ள! சூடான சக்கரத்துக்கிட்ட முன்னாலயோ பின்னாலயோதான் போவோம், பக்கவாட்டுல நிக்கவே கூடாது. ரிம்முல ஃபியூஸ் பிளக்னு சின்னதா ஒண்ணு இருக்கும். சூடு எல்லை தாண்டினா அது உருகிக் காத்தை வெளியே விட்டுடும், டயர் வெடிக்காம இருக்க. ஒருதடவை உருகின பிளக்கைக் கையில எடுத்துப் பார்த்திருக்கேன். நடுவுல ஓட்டை, சுத்தி மெழுகு வழிஞ்ச மாதிரி உலோகம். அது வேலை செஞ்சதால ஒருத்தருக்கும் அடிபடலை.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ரொம்ப நன்றிங்கய்யா, இப்பத்தான் விளங்குது. கரிப்பூர்ல 8,858 அடி ரன்வேயில 4,438 அடி போனப்புறம்தான் சக்கரம் பட்டதுன்னு விசாரணை அறிக்கை சொல்லுது. மிச்சம் சுமார் 1,350 மீட்டர். மழை, வால்காத்து (பின்னாலிருந்து தள்ளுற காத்து) வேற. வால்காத்துக்காக வேகத்தை மட்டும் 70லிருந்து 80 ஆக்கி, வேகக் குறைப்பு அதே 2ன்னு வச்சுப் போட்டேன். 1,600 மீட்டர் வருதுங்கய்யா.