6174 உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது?

ஆறாம் வகுப்பு அம்மா

இந்தியக் கணிதவியலாளர் கப்ரேகர் கண்டுபிடித்த 6174, அதாவது கப்ரேகர் மாறிலி, இந்த மன்றத்தில் பெரும்பாலோருக்குத் தெரிந்ததுதான். நேராக விஷயத்துக்கு வருகிறேன். மதுரையிலிருந்து சென்னைக்குப் பகல் ரயில். எதிர் இருக்கையில் ஒரு பெரியவர். “பிடித்த நான்கு இலக்க எண் ஒன்றை எழுது பாப்பா, நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது” என்று என் மகளிடம் சொன்னார். அவரும் ஒரு துண்டுத்தாளில் எதையோ எழுதி மடித்து, தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் வைத்தார்.

இவள் 4321 என்று எழுதினாள். அதன் இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக ஒரு வரிசை, சிறியதிலிருந்து பெரியதாக ஒரு வரிசை, கழித்தல். 4321-இலிருந்து 1234 போக 3087. அதை அடுக்கிக் கழித்தால் 8352. மறுபடியும், 6174. அதற்கு மேல் எத்தனை தடவை செய்தாலும் 6174-தான். மடித்த தாளைப் பிரித்தாள். அதிலும் 6174.

இவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. வேண்டுமென்றே 2025 எடுத்தாள். 4995, 5355, 1998, 8082, 8532. ஐந்தாவது விடை வந்ததும் “தாத்தா, இது தப்பித்துவிட்டது!” என்று கத்தினாள். பக்கத்து இருக்கைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அடுத்த கழித்தலில் 6174.

“ஏன் தாத்தா வேறு எங்கும் போகமாட்டேன் என்கிறது?” என்று கேட்டாள். விழுப்புரம் வந்துவிட்டது. “அதை நீதான் கண்டுபிடிக்க வேண்டும்” என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கேள்வி எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. உங்கள் பிள்ளைகளும் கேட்டார்களா?

சுண்ணக்கட்டி

நடுநிலைப்பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். ஏழாம் வகுப்பில் ஆளுக்கொரு எண் எடுக்கச் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். “சார், எனக்குச் சுழி வந்துவிட்டது. கப்ரேகர் தோற்றுவிட்டார்!” வகுப்பு முழுவதும் கைதட்டல்.

அவன் எடுத்த எண் 2122. 2221-இலிருந்து 1222 போனால் 999. மூன்று ஒன்பதையும் எப்படி அடுக்கினாலும் 999-தான், கழித்தால் சுழி. கணக்கில் ஒரு பிசகும் இல்லை.

நான் வாய் திறப்பதற்குள், வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண் கரும்பலகைக்கு வந்தாள். 999-க்கு முன்னால் ஒரு சுழியைப் போட்டாள். 0999. ஒரு சொல்லும் பேசவில்லை. திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பையன் விறுவிறுவென்று கணக்குப் போட்டான். 9990-இலிருந்து 0999 போக 8991. பிறகு 8082, 8532, 6174.

இடமதிப்பை நான் ஆண்டுதோறும் நடத்துகிறேன். முன்னால் நிற்கும் சுழிக்கு மதிப்பில்லை என்றுதான் பிள்ளைகள் மனத்தில் பதிந்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

காரணம் கேட்பவன்

அந்த ரயில் பெரியவர் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. தாளை மடித்து வைத்து, விடையைக் காட்டி, காரணம் சொல்லாமல் இறங்கிப் போவது மாயவித்தைக்காரர் செய்கிற வேலை. பிள்ளைகளுக்குக் கணக்கு அப்படி அறிமுகமாகக் கூடாது.

என் அனுபவம் சின்னதுதான். மகளுக்கு இரண்டு இலக்கத்தில் காட்டினேன். 09, 81, 63, 27, 45, திரும்ப 09. ஐந்தும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருந்தன. “நிற்கவே நிற்காதா அப்பா?” என்றாள். நிற்காது என்றேன். சாப்பிடக் கூப்பிட்டும் அவள் எழவில்லை.

காரணம் ஒன்றும் மறைபொருள் இல்லை. இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். ஓரங்களில் இருக்கும் இரண்டின் வித்தியாசத்தை 999-ஆல் பெருக்குங்கள். நடுவில் இருக்கும் இரண்டின் வித்தியாசத்தை 90-ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் கழித்தலின் விடை வந்துவிடும். 7641-ஐ எடுத்துக்கொண்டால் ஓர வித்தியாசம் 6, நடு வித்தியாசம் 2. 5994-உடன் 180 சேர்ந்தால் 6174.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஓர வித்தியாசம் 1 முதல் 9 வரைதான். நடு வித்தியாசம் அதைத் தாண்ட முடியாது. ஆக மொத்தம் 54 விடைகள்தான் சாத்தியம். 0001 முதல் எடுத்தால் ஆட்டத்துக்குத் தகுதியான எண்கள் 9990. அத்தனையும் முதல் கழித்தலிலேயே 54-க்குள் அடங்கிவிடுகின்றன. அந்த 54-இல் எது எதற்குப் போகிறது என்று பார்த்தால் எல்லா வழியும் 6174-இல் சேர்கிறது.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். நான்கு இலக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள். மூன்று இலக்கத்தில் 495 வரும், சீக்கிரம் முடிந்துவிடும், பிள்ளை சலித்துக்கொள்ளாது. கட்டம் போட்ட நோட்டு வாங்கிக்கொடுங்கள், கடன் வாங்கிக் கழிக்கும்போது இலக்கம் இடம் மாறாது. கால்குலேட்டரைக் கண்ணில் காட்டாதீர்கள். ஒவ்வொரு விடையின் இலக்கங்களையும் கூட்டச் சொல்லுங்கள். 9-இன் மடங்கு வராவிட்டால் அந்த வரியில் பிழை இருக்கிறது என்று பிள்ளையே கண்டுகொள்ளும். ஐந்து இலக்கத்துக்கு அவசரப்பட்டுப் போகாதீர்கள். அங்கே நிற்கிற எண் கிடையாது, 53955-உம் 59994-உம் மாறி மாறி வருவது போன்ற சுழற்சிகள்தான்.

டோம்பிவிலி தமிழ்

கப்ரேகரைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளிக்கூட ஆசிரியர். முதுநிலைப் பட்டம்கூடக் கிடையாது. 6174-ஐ அவர் அறிவித்தது 1949-இல், மதராஸில் நடந்த கணித மாநாட்டில். வெளிநாட்டில் பரவலாக அறியப்பட்டது 1975-இல் அமெரிக்கக் கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பிறகுதான்.

மும்பைப் பக்கம் இருக்கும் எங்கள் டோம்பிவிலி ஸ்டேஷனுக்கும் அவரிடம் பங்கு உண்டு. அவருடைய ‘டெம்லோ எண்கள்’ இந்த ஸ்டேஷனின் அந்தக் காலத்துப் பெயரைக் கொண்டவை. லோக்கல் ரயிலில் மகளிடம் அவற்றில் சிலவற்றைச் சொன்னேன். 11-ஐ 11-ஆல் பெருக்கு, 121. 111-ஐ 111-ஆல், 12321. ஒன்பது ஒன்று வரை போனால் 12345678987654321. “பத்து ஒன்று போட்டால்?” என்றாள். கைப்பேசி கால்குலேட்டர் பாதி இலக்கங்களை விழுங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து தரையில் காலண்டர் தாளை விரித்து, படிக்கட்டாக இறங்கும் அந்தப் பெருக்கலைக் கையாலேயே போட்டாள். 1234567900987654321. நடுவில் 79-உம் இரண்டு சுழிகளும் வந்த இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.

கும்பகோணத்துக்காரி

காரணம் கேட்பவன் அவர்களே, உங்கள் 54 அருமை, மறுக்கவில்லை. ஆனால் எடுத்தவுடன் அதைச் சொன்னால் எந்தப் பிள்ளை உட்கார்ந்து கேட்கும்? முதலில் 6174 நாலைந்து தடவை முகத்தில் வந்து மோத வேண்டும். கேள்வி உள்ளிருந்து கிளம்பினால்தான் பதிலுக்கு இடம் இருக்கும். அந்தப் பெரியவர் செய்தது சரி.

எங்கள் ஊரில் டிசம்பர் 22, கணிதமேதை இராமானுஜன் பிறந்தநாள் என்றால் எல்லாப் பள்ளியிலும் இராமானுஜன், எல்லா அட்டையிலும் 1729. இந்த முறை பிள்ளைகள் வராந்தாவில் பாண்டிக் கட்டம்போல் ஏழு கட்டம் வரைந்தார்கள். ஒரு கழித்தலுக்கு ஒரு கட்டம், 6174 வந்ததும் நிற்க வேண்டும். பல பிள்ளைகள் மூன்றாவது நான்காவது கட்டத்திலேயே நின்றுவிட்டார்கள். ஒரு வாண்டு 1729-ஐ எடுத்தான். 8442, 5994, 5355, 1998, 8082, 8532. ஆறாம் கட்டத்தில் ஒற்றைக்காலில் தள்ளாடிக்கொண்டே கணக்குப் போட்டான். ஏழாவதில் 6174. கடைசிக் கட்டத்தில் குதித்து அவன் போட்ட கூச்சலில் தலைமையாசிரியர் வெளியே வந்துவிட்டார்.

இன்னொன்று. 1729-இன் இலக்கங்களைக் கூட்டினால் 19. 1729-ஐ 19-ஆல் வகுத்தால் மீதியின்றி 91. இலக்கக் கூட்டுத்தொகையால் இப்படி வகுபடும் எண்களை ஹர்ஷத் எண்கள் என்று வரையறுத்தவரும் கப்ரேகர்தான். இராமானுஜனா கப்ரேகரா என்று பிள்ளைகளைப் பிரிக்க வேண்டியதே இல்லை.

காரணம் கேட்பவன்

கேள்வி கிளம்பட்டும், சரி. கிளம்பிய கேள்வியை விழுப்புரத்தில் விட்டுவிட்டு இறங்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

இரவுப் பணி

என் மகன் எட்டாம் வகுப்பு. தெருவில் போகிற வண்டி எண்ணையெல்லாம் கழித்துப் பார்ப்பான். எட்டுப் படி எடுக்கும் எண்ணைக் கொண்டுவந்தால் மிதிவண்டி வாங்கித் தர வேண்டும் என்று என்னிடம் பந்தயம் கட்டியிருந்தான்.

மேலே அந்த 54 பற்றி எழுதியதை நேற்று அவனிடம் படித்துக் காட்டினேன். பேசாமல் கேட்டுவிட்டு உள்ளே போனான். காலையில் நான் வேலை முடிந்து வந்தபோது நோட்டை நீட்டினான். 54 விடைகளும் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே 6174-ஐ எட்ட எத்தனை படி என்ற கணக்கு. அதிகபட்சம் ஆறு. முதல் கழித்தலைச் சேர்த்தால் ஏழு.

“எட்டுப் படி எண் கிடையாது அப்பா. கிடையாது என்று காட்டிவிட்டேன். இப்போது மிதிவண்டி உண்டா, இல்லையா?” என்றான். உண்டு என்று சொல்லிவிட்டேன்.