வேலூர் சஜ்ஜாராவ் மலைக்கு எந்தப் பக்கம் ஏறுவது?
வேலூர் கோட்டைக்குக் கிழக்கே உள்ள குன்றுகளில் சஜ்ஜாராவ் மலைக்கோட்டைக்கு ஏற வேண்டும். வழி பிடிபடவில்லை. 1677-78 முற்றுகையில் சிவாஜியின் படை சாஜரா, கோஜரா என்று கட்டியவற்றில் ஒன்று இது. பெயர் சொல்லிக் கேட்டால் ஒருவர் ஒரு குன்றைக் காட்டுகிறார், அடுத்தவர் பக்கத்துக் குன்றை!

கூகுள் மேப் வேலூர் சைதாப்பேட்டையில் ஒரு சந்தில் கொண்டு விட்டது. கடைசி வீட்டுக்குப் பின்னால் சப்பாத்திக்கள்ளி, அப்புறம் தடமே இல்லை. மேலே ஆடு மேய்க்கிறார்கள், எங்கே ஏறினார்களோ. ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டதற்குச் சிரிப்புதான் பதில்.

மாதக் கடைசியில் விடியற்காலையே கிளம்புவோம், வேலூர் வெயில் தெரியும்தானே. அறுபது தாண்டிய அப்பாவும் வருகிறார், செங்குத்துப் பாறை சரிப்படாது.

படியோ ஒற்றையடிப் பாதையோ, எந்தத் தெருவிலிருந்து தொடங்குகிறது?