'மேன்-அட்-ஆர்ம்ஸ்': 'குதிரை வீரர்' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றியின் படையும் பிரெஞ்சு மன்னர் ஆறாம் சார்லஸின் படையும் 1415 அக்டோபர் 25 அன்று மோதிய அஜின்கோர்ட் போர் குறித்த கட்டுரையில், 'மேன்-அட்-ஆர்ம்ஸ்' (man-at-arms, அதாவது முழுக்கவசம் பூண்டு போரிட்ட இடைக்கால ஐரோப்பிய வீரர்) என்பதைக் 'குதிரை வீரர்' என்று எழுதலாம் என்ற முன்மொழிவை ஏற்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று குதிரைமேல் பாய்ந்தவர்கள் பிரெஞ்சுப் படையில் ஒரு சிறு பகுதியினரே. ஆங்கில வில்லாளர்கள் நட்டுவைத்திருந்த கூர்முனைக் கழிகளையும் அவர்கள் எய்த அம்புகளையும் தாண்ட முடியாமல் அந்தக் குதிரைப்படையினர் சிதறினார்கள். மற்ற பெரும்பாலோர் நடந்தே வந்தார்கள். இரு காடுகளுக்கு நடுவே, மழையில் ஊறிக் கிடந்த உழுத நிலத்தில், தலை முதல் கால் வரை இரும்புத் தகடு பூண்டவர்கள், அம்புக்கு அஞ்சி முகமூடியை இறக்கிவிட்டுத் தலையைக் குனிந்தபடி சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி வந்து களைத்துப்போனார்கள். அந்தப் போரின் போக்கே இந்த நடையில்தான் அடங்கியிருக்கிறது. இவர்களைக் 'குதிரை வீரர்' என்றால், குதிரை எங்கே போயிற்று என்று வாசகர் திகைப்பார்.

'நைட்' என்பதற்கான சொல்லையும் இங்கே இழுக்கக் கூடாது. அது பட்டம், இவர்களுள் பட்டம் பெறாதவர்களே மிகுதி. 'ஆயுதந்தாங்கியோர்' என்பது நேர் மொழிபெயர்ப்பாகலாம், ஆனால் வில்லாளரிடமும் ஆயுதம் உண்டு. 'கவசப்படை' என்றாலோ இன்று பீரங்கி வண்டிகளே நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை 'மெய்ம்மறையர்'. மெய்யை மறைப்பது மெய்ம்மறை, அதாவது கவசம். பதிற்றுப்பத்தில் சேர மன்னனைச் 'சான்றோர் மெய்ம்மறை' என்று விளிக்கிறார்கள். சான்றோர் என்பது அங்கே போர்வீரரைக் குறிக்கிறது, அவர்களுக்குக் கவசம் போன்றவன் மன்னன் என்பது பொருள். (எத்தனை அழகான விளி!) உடல் முழுதும் மறைக்கும் கவசமே இவ்வீரரை வில்லாளரிடமிருந்து பிரித்துக் காட்டுவதால், இச்சொல் அவர் குதிரைமேல் இருந்தாலும் தரையில் நின்றாலும் பொருந்தும்.

பழஞ்சொல் வாசகருக்குப் புரியாது என்ற தயக்கம் நியாயமானதே. அதற்காக, முதன்முறை வரும் இடத்தில் மட்டும் 'முழுக்கவசம் பூண்ட மெய்ம்மறையர்' என்று எழுதி, பிறகு தனியே ஆளலாம். ஒருமைக்கு 'மெய்ம்மறை வீரர்' என வைத்துக்கொள்ளலாமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.