நான்கு கதவு பிளைமவுத் 1/25 அளவில் எப்போது வரும்? புதிய கிட்டாக நாம் கேட்க வேண்டிய அமெரிக்கக் கார்கள்

கானாடுகாத்தான்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பட்டாலையில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் மாட்டியிருக்கிறது. 1956-இல் என் அயித்தையின் திருமணத்தன்று மாப்பிள்ளை அழைப்புக்காக வாசலில் நின்ற காரை அதில் காணலாம். பங்காளி வீட்டுக் கார், பிளைமவுத். முன்மூடியின் நுனியில் பாய்மரக் கப்பல் தெரிகிறது; முன்கண்ணாடி நடுவில் ஒரு பட்டையால் இரண்டாகப் பிரிந்திருக்கிறது; நான்கு கதவுகள், ஓட்டுநர் இருக்கை வலப்புறம்.

பதினைந்து ஆண்டுகளாக நான் பிளாஸ்டிக் கிட், அதாவது துண்டுகளை ஒட்டிச் செய்யும் சிறு மாதிரிக் கார்கள், கட்டி வருகிறேன். அலமாரியில் 1957 செவ்ரோலே பெல் ஏர் இருக்கிறது, முஸ்டாங் இருக்கிறது, ஹட்ஸன் ஹார்னெட்டும் இருக்கிறது. ஆனால் நம் ஊர்த் தெருக்களில் உண்மையில் ஓடிய கார் ஒன்றுகூட அங்கே இல்லை. அந்த பிளைமவுத்தை 1/25 அளவில் செய்ய வேண்டும் என்ற ஆசை பல நாளாக மனத்தில் கிடக்கிறது. அதற்கேற்ற கிட் என் கைக்கு இதுவரை அகப்படவில்லை. இத்தகைய கார்களை நிறுவனங்கள் ஏன் தொடுவதில்லை? புதிய வார்ப்பு அச்சில் ஒரே ஒரு காரைக் கேட்கலாம் என்றால் நீங்கள் எதைக் கேட்பீர்கள்? அதுவரை நான் எதை வைத்துத் தொடங்கலாம்?

பள்ளத்தூர் பழங்கார் எழுதியது:

தம்பி, படத்தை வைத்தே ஆண்டை ஓரளவு நெருங்கிவிடலாம். பிளைமவுத்துக்கு ஒரே துண்டாக வளைந்த முன்கண்ணாடி வந்தது 1953 மாடலில்தான். ஆகவே உங்கள் வீட்டு வாசலில் நின்றது 1952 அல்லது அதற்கு முந்தையது. 1951, 1952 இரண்டுக்கும் முகம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் அவற்றைப் பிரித்தறிவது கடினம். 217.8 கன அங்குல ஆறு உருளை எஞ்சின், 97 குதிரைத் திறன். வேகத்துக்குப் பெயர் பெற்றதன்று, ஆனால் கரடுமுரடான சாலைகளில் உழைத்த வண்டி.

பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1947 முதல் பிளைமவுத் உள்ளிட்ட கிரைஸ்லர் குழுமத்தின் கார்களை ஒருங்கிணைத்தது. கிரைஸ்லர்காரர்கள் பிளைமவுத்தின் உடலையே வைத்துக்கொண்டு, முன்கிராதியையும் சின்னங்களையும் மாற்றி, டாட்ஜ் கிங்ஸ்வே என்றும் டிசோட்டோ டிப்ளமட் என்றும் ஏற்றுமதிச் சந்தைகளுக்காகச் செய்தார்கள். என் கோரிக்கை இதிலிருந்தே பிறக்கிறது. ஒரு நிறுவனம் 1951 பிளைமவுத் நான்கு கதவு உடலுக்கு அச்சு வெட்டினால், முன்கிராதி, பம்பர், எழுத்துச் சின்னங்கள் அடங்கிய ஒரு சிறு துண்டுத் தொகுதியை மட்டும் மாற்றி மூன்று கிட்களை விற்கலாம். வலப்புற ஸ்டியரிங்குக்கு உரிய டாஷ்போர்டையும் பெட்டியில் சேர்த்துவிட்டால் இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா என்று வாங்குவோர் பெருகுவார்கள். அச்சுச் செலவைப் பிரித்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமான கார் எனக்குத் தோன்றவில்லை.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

கேள்வியின் முதற்பகுதிக்கு விடை இந்தக் கலையின் பிறப்பிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் ஏ.எம்.டி., ஜோ-ஹான் போன்ற நிறுவனங்கள் முதலில் செய்தவை கார் விற்பனையகங்களில் விளம்பரத்துக்காகக் கொடுக்கப்பட்ட சிறு மாதிரிகள். 1958-இல்தான் ஏ.எம்.டி. அதே அச்சுகளிலிருந்து, ஒரு பெட்டியில் மூன்று விதமாகக் கட்டக்கூடிய கிட்களை ஆண்டுதோறும் வெளியிடத் தொடங்கியது. எனவே 1958 முதல் வந்த பல கார்களுக்கு, அவை கடைக்கு வந்த ஆண்டிலேயே கிட் கிடைத்தது. 1950-களின் முற்பாதிக் கார்களுக்கோ, பின்னாளில் யாரேனும் தனியாக மனம் வைத்துப் புது அச்சு வெட்டினால்தான் உண்டு. அப்படி மனம் வைத்தவர்களும் இளைஞர்கள் உருமாற்றிப் பந்தயத்தில் விட்ட இரண்டு கதவு வண்டிகளையே பெரும்பாலும் தேர்ந்தெடுத்தார்கள். குடும்பத்தை ஏற்றிச் சென்ற நான்கு கதவு வண்டிக்கு அந்த மதிப்புக் கிடைக்கவில்லை.

இன்னொரு இழப்பும் உண்டு. அந்தந்த ஆண்டின் அச்சுகளை அடுத்த ஆண்டின் மாடலுக்காக வெட்டித் திருத்திக்கொண்டே போனார்கள். 1961-இன் அச்சு 1962 ஆனபோது 1961 அழிந்தது. இன்று பழைய அச்சு எங்கேயோ கிடங்கில் தூங்குகிறது, எடுத்து அடித்தால் போதும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பல கார்களுக்கு அந்த எஃகே உருமாறிப் போய்விட்டது.

ஆனாலும் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. மோபியஸ் நிறுவனம் ஹட்ஸன் ஹார்னெட்டையும் 1955 கிரைஸ்லர் சி-300-ஐயும் முற்றிலும் புதிய அச்சில் கொண்டுவந்தது. அவற்றை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஹார்னெட்டுக்கு வாங்குவோர் இருந்தார்கள் என்றால் பிளைமவுத்துக்கும் இருப்பார்கள் என்பதை நாம் எழுதிக் கேட்க வேண்டும், திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

கொத்தமங்கலம் பட்டறை எழுதியது:

நான் கட்டுகிறவன், ஆகவே மூன்றாம் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஏ.எம்.டி.யின் 1951 செவ்ரோலே கிட்டை வாங்கி உடலை மாற்றலாம் என்று ஒருவேளை நினைப்பீர்கள். வேண்டாம். செவ்ரோலேயின் சக்கர இடைவெளி 115 அங்குலம், 1951 பிளைமவுத்துடையது 118.5, 1/25 அளவில் முன்னது 116.8 மில்லிமீட்டர், பின்னது 120.4. இந்த 3.6 மில்லிமீட்டரைக் காரின் அடிச்சட்டத்தில் ஒட்டுப்போட்டுச் சேர்த்துவிடலாம். ஆனால் கூரையின் வளைவும் பின்கதவின் கோடும் வேறு வேறு என்பதால் உடல் ஒருபோதும் பிளைமவுத் ஆகாது. உடலைக் கணினியில் வரைந்து ரெசின் என்னும் பிசினில் முப்பரிமாணமாக அச்சிட்டு, அடிச்சட்டம், அச்சுத்தண்டு, சக்கரம் ஆகியவற்றுக்கு மட்டும் செவ்ரோலே கிட்டைப் பயன்படுத்துவதே நேரான வழி.

வலப்புற ஸ்டியரிங்கை நான் ஒரு செவ்ரோலேயில் செய்து பார்த்திருக்கிறேன். டாஷ்போர்டை மெல்லிய ரம்பத்தால் மூன்று துண்டாக அறுத்து, அளவுமானித் துண்டையும் சாமான் வைக்கும் சிறு பெட்டித் துண்டையும் இடம் மாற்றி, ரம்பம் தின்ற இடத்துக்குக் கால் மில்லிமீட்டர் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டைச் செருகி ஒட்டினேன். தேய்த்து பிரைமர் அடித்த பிறகு ஒட்டு தெரியவில்லை. மிதிகளையும் ஸ்டியரிங் பெட்டியையும் வலப்பக்கம் கொண்டுபோக மறந்துவிடாதீர்கள். முன்மூடியைத் திறந்தால் அறிந்தவர் கண்ணுக்கு முதலில் அதுதான் படும்.

வண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐப்பசி அடைமழையில் முற்றத்தில் வைத்து லாக்கர் வண்ணம் அடித்தேன். காற்றிலிருந்த ஈரம் படிந்து, கறுப்பு முழுவதும் பால் தெளித்ததுபோல் வெளுத்துப் போயிற்று. எல்லாவற்றையும் உரித்துவிட்டுத் தை மாதம் வரை காத்திருந்தேன். நீங்கள் பங்குனி, சித்திரையில் அடியுங்கள்.

உடலை வரைவதற்கு அளவு வேண்டுமே என்றால், படத்தில் காருக்குப் பக்கத்தில் இன்றும் மாறாமல் நிற்கிற ஏதாவது ஒன்றைத் தேடுங்கள். திண்ணையோ, தூணோ, படியோ.

சாக்கோட்டை லாரி எழுதியது:

கார்களைப் பேசுகிறவர்கள் லாரிகளை விட்டுவிடுகிறீர்கள். நெல்லும் தேக்கும் ஏற்றிய ஃபார்கோ, டாட்ஜ் லாரிகளும், அவற்றின் சட்டத்தின்மேல் மரக்கூடு கட்டி ஓட்டிய பேருந்துகளும் எத்தனை பேரைச் சுமந்திருக்கின்றன! எனக்கு ஒரே ஒரு கிட் என்றால் ஃபார்கோ. உடன்படாதவர்கள் இருக்கலாம், ஆனால் என் தேர்வு மாறாது.

கானாடுகாத்தான்வாசி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. லாரி பற்றிச் சொன்ன அண்ணனுக்குத் தனியாக. ஃபார்கோவையும் என் பட்டியலில் சேர்த்துவிட்டேன். மூன்று கிட்களுக்கு ஓர் உடல் என்ற கருத்தை நிறுவனங்களுக்கு எழுதப்போகும் கடிதத்தில் முதல் பத்தியாகவே வைக்கிறேன்.

கொத்தமங்கலம் அண்ணன் சொன்னபடி இன்று காலை படத்தையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். காரின் பின்கதவுக்கு நேராக எங்கள் திண்ணையின் விளிம்பு தெரிகிறது. தரையிலிருந்து அதன் உயரம் இன்றும் முப்பத்தோரு அங்குலம். கார் திண்ணைக்கு முன்னால் தள்ளி நின்றதால் கண்ணோட்டப் பிழையைக் கழிக்க வேண்டியிருக்கும், ஆயினும் கூரையின் உயரத்தைச் சரிபார்க்க அது போதும்.

நிறம் மட்டுமே தெரியாமல் இருந்தது. அயித்தையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். சற்றும் யோசிக்காமல், "மாந்தளிர்ப்பா, நான் கட்டியிருந்த பட்டு மாதிரியே" என்றார்கள். அந்தப் புடவை இன்னும் பெட்டியில் இருக்கிறதாம். அடுத்த வாரம் அதன் முந்தானையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்ணம் கலக்கப் போகிறேன்.