பேரண்ட்ஸ் கடல்ல ஒரே வாரத்துல உப்பு இவ்ளோ எறங்குமா? சாட்டிலைட் டேட்டாவ நம்பலாமா?

கல்மண்டபம்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம், ராயபுரத்துல இருந்து எழுதறேன், எம்எஸ்சி ரெண்டாவது வருஷம். ப்ராஜெக்ட்டுக்கு வடக்கு கடல்கள்ல மேல்தண்ணி உப்பு எப்படி மாறுதுன்னு எடுத்திருக்கேன். நாசாவோட ஸ்மாப் சாட்டிலைட் டேட்டா 2015ல இருந்து ஃப்ரீயாவே கெடைக்குது, டவுன்லோட் பண்ணி ரெண்டு எடத்துக்கு கிராஃப் போட்டேன். ஒண்ணு நார்வே, ரஷ்யாவுக்கு வடக்க இருக்கிற பேரண்ட்ஸ் கடல்ல ஐஸ் ஓரம், இன்னொண்ணு அதுக்கு கெழக்க காரா கடல்ல, சைபீரியாவோட ஓப், எனிசேய் ரெண்டு ஆறும் வந்து விழுற எடம்.

பேரண்ட்ஸ்ல உப்பு 34 யூனிட் (1 யூனிட்னா ஒரு கிலோ தண்ணில சுமார் 1 கிராம் உப்பு) கிட்ட நிக்க வேண்டியது ஒரே வாரத்துல 3 யூனிட் எறங்குது, அடுத்த வாரம் ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்ப ஏறிடுது. காராவுல ஜூன் ஜூலைல பத்துக்கு மேலயே எறங்கி ரொம்ப நாள் அப்படியே கெடக்குது. கைடு கிட்ட காட்டினா காரா நம்பர் பைத்தியம் மாதிரி இருக்கு, அத தூக்கிடு, பேரண்ட்ஸ மட்டும் வெச்சுக்கோன்னு சொல்லிட்டார். எனக்கு மனசு ஒப்பல.

நைனா லாஞ்சுல போறவரு, அவர்கிட்ட ஃபோன்ல கிராஃப காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "உப்பு இம்மா எறங்குதுன்னா எங்கனா ஆத்துத் தண்ணி வந்துருக்கணும், ஆறு இல்லாத எடத்துல எறங்கி ஒடனே ஏறுதுன்னா பாக்கறவன் கண்ணுல தான் கோளாறு"ன்னார். ஐப்பசி கார்த்திகைல வடக்கேர்ந்து வெள்ளம், அதாவது கடல் நீரோட்டம், தெக்கால ஓட ஆரம்பிச்சா நம்ம கடல்லயும் உப்பு கம்மியாவும்னு அவருக்கு வாய்ல வெச்சே தெரியும். ஆனா நைனா சொன்னாருன்னு ரிப்போர்ட்ல எழுத முடியாதே. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உப்புக்காத்து:

தங்கச்சி, உங்க நைனா சொன்னது தான் சரி, கைடு சொன்னது தலைகீழ். நான் சாட்டிலைட் டேட்டாவோட தான் தெனமும் மாரடிக்கிறேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படி.

சாட்டிலைட் உப்ப நேரா பாக்கறதில்ல. கடல் தானா விடுற மைக்ரோவேவ 1.4 கிகாஹெர்ட்ஸ்ல, அதாவது 21 சென்டிமீட்டர் அலைநீளத்துல கேக்குது. அந்த சத்தத்த சூடு மாதிரி கெல்வின்ல தான் அளப்பாங்க. உப்பு கொறஞ்சா அந்த சத்தம் கொஞ்சம் கூடும், அவ்ளோ தான் விஷயம். இந்த "கொஞ்சம்" எவ்ளோங்கறது தண்ணியோட சூட்ட பொறுத்தது. நம்ம வங்கக்கடல் மாதிரி 30 டிகிரி தண்ணில 1 யூனிட் உப்பு மாறினா சுமார் முக்கால் கெல்வின் மாறும், 0 டிகிரி கிட்ட போனா அதே 1 யூனிட்டுக்கு கால் கெல்வின் தான். அதாவது இங்க சாதாரணமா பேசறவன் அங்க போய் முணுமுணுக்கறான், காத்து அடிச்சு அலை நுரைச்சா அந்த முணுமுணுப்பையும் அது அமுக்கிடும்.

இப்ப ஐஸுக்கு வா. ஸ்மாப் ஒரு தடவை பாக்கற வட்டம் சுமார் 40 கிலோமீட்டர் அகலம், நம்ம சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர்னா அது மாதிரி மூணு போட்டா எவ்ளோவோ அவ்ளோ பெரிய எடத்துக்கு ஒரே ஒரு நம்பர். அதுக்குள்ள வெறும் 1 சதவீதம் ஐஸ் மெதந்து வருதுன்னு வெச்சுக்கோ. இந்த அலைவரிசைல ஐஸ் தண்ணியவிட 140 கெல்வின் கிட்ட ஜாஸ்தியா ஒளிரும், அதுல 1 சதவீதம் 1.4 கெல்வின், அத கால் கெல்வினால வகுத்துப் பாரு, 5 யூனிட்டுக்கு மேல உப்பு கொறஞ்ச மாதிரி காட்டும்! ஒரு பொட்டு உப்பு கூட மாறியிருக்காது. உன் பேரண்ட்ஸ் 3 யூனிட் அப்படி வந்ததா தான் இருக்கும், காத்து ஐஸ உள்ள தள்ளிச்சு, அடுத்த வாரம் வெளிய இழுத்துச்சு.

காரா அப்படி இல்ல. ஒலகத்து கடல் தண்ணில ஆர்க்டிக் பங்கு 1 சதவீதம் தான், ஆனா ஒலகத்து ஆத்துத் தண்ணில 10 சதவீதத்துக்கு மேல அங்க போய் விழுது. சைபீரியாவுல பனி உருகி ஜூன்ல ஆறு பொங்கி வரும்போது காராவுல பத்து யூனிட் எறங்கறது நெசம். 10 யூனிட்னா அந்த குளிர்ல கூட ரெண்டரை கெல்வின், அது காதுல விழும். ஆனா ஜூன்ல காராவுலயும் ஐஸ் மிச்சம் இருக்கும், அதனால ஐஸ் போன அப்புறம் உள்ள நாட்கள மட்டும் எடு. ஐரோப்பாவோட ஸ்மாஸ் சாட்டிலைட் 2009ல இருந்து ஓடுது, அதுல ஆர்க்டிக்குக்குன்னே பார்சிலோனாவுல தனியா தயாரிச்ச டேட்டா இருக்கு, 9 நாள் சராசரி, அதோட ஒப்பிட்டுப் பாரு.

பழைய_டெக்னீஷியன்:

மேல தம்பி சொன்னது கரெக்ட்டு, ஆனா ஒண்ணு விட்டுட்டாரு. நான் ஆராய்ச்சி கப்பல்ல உப்பு பாக்கற வேலைல பல வருஷம் இருந்தவன், வீடு திருவொற்றியூர். கப்பல் ஓடிட்டே இருக்கும்போது அடில இருக்கிற குழாய் வழியா கடல் தண்ணிய இழுத்து தெர்மோசாலினோகிராஃப்ன்னு ஒரு மெஷினுக்குள்ள விடுவோம், அது தண்ணில கரண்ட் எவ்ளோ சுலபமா போவுதுன்னு அளக்கும், அதுல இருந்து உப்பு கணக்கு. குளிர் இங்கயும் ஏமாத்தும்மா. 35 உப்புள்ள தண்ணி 30 டிகிரில காட்டற கடத்துதிறன்ல பாதி தான் 0 டிகிரில காட்டும். அதனால மெஷினுக்குள்ள இருக்கிற தண்ணியோட டிகிரி துல்லியமா தெரியணும். கடல்ல இருந்து லேபுக்கு வர்றதுக்குள்ள அந்த ஐஸ் தண்ணி சூடாயிடும், யாராவது கவனிக்காம வெளி டிகிரிய கணக்குல போட்டா 1 டிகிரி தப்புக்கு 1 யூனிட் உப்பு தப்பாயிடும்.

அதனால தான் நாளைக்கு ரெண்டு மூணு தடவை கண்ணாடி பாட்டில்ல தண்ணி புடிச்சு வெச்சு சாலினோமீட்டர்ங்கற லேப் உப்பு மெஷின்ல சரி பாக்கறது. ஒரு தடவை நான் புடிச்ச பாட்டில்கள்ல மூடி ஒழுங்கா உக்காரல, வாய்ல உப்பு பூத்து வெள்ளையா நின்னுது, கை வெறச்சுப் போயி அவசரத்துல தொடைக்காம மூடிட்டேன். கரைக்கு வர்றதுக்குள்ள தண்ணி ஆவியாகி எல்லாத்துலயும் உப்பு ஏறிப் போச்சு, அந்த வார டேட்டாவ மொத்தமா ஒதுக்க வேண்டியதாச்சு. இன்னிக்கும் ஊறுகா பாட்டில மூடும்போது கூட வாய தொடைச்சுட்டு தான் மூடறேன்.

நான் சொல்ல வந்தது இது. கப்பல் குழாய் இருக்கறது சுமார் 5 மீட்டர் ஆழத்துல. கடல்ல தானா ஏறி எறங்கி உப்பு அளக்கற ஆர்கோ மிதவைங்களும் மேல வரும்போது அழுக்கு ஏறாம இருக்க அந்த அளவுல பம்ப நிறுத்திடும், ஐஸ் பக்கமும் அதிகம் வராது. சாட்டிலைட் பாக்கறது மேல 1 சென்டிமீட்டர். கோடைல ஐஸ் உருகின தண்ணி லேசா இருக்கறதால மேல மெல்லிசா விரிச்சு நிக்கும், அப்ப சாட்டிலைட் 30ன்னும் கப்பல் 34ன்னும் சொன்னா ரெண்டுமே நெசமா இருக்கலாம். அதனால ஐஸ் ஓரத்துல எறங்கினதெல்லாம் பொய்யின்னு வெட்டிடாதம்மா, காத்து இல்லாத நாளா, எவ்ளோ நாள் நீடிச்சுது, ஐஸ் மேப் என்ன சொல்லுதுன்னு ஒவ்வொண்ணா பாரு.

மணலி_மாமா:

நான் படிச்சவன் இல்ல, சும்மா ஆர்வத்துல கேக்கறேன், மெட்ராஸ்ல உக்காந்துகிட்டு அங்க ஒரு யூனிட் ரெண்டு யூனிட் உப்பு கொறஞ்சா நமக்கு இன்னா?

பழைய_டெக்னீஷியன்:

நல்ல கேள்வி தான் சார். குளிர்ந்த கடல்ல தண்ணி கனமா லேசாங்கறத முக்கியமா உப்பு தான் தீர்மானிக்குது, டிகிரி இல்ல. உப்பு இருந்தா குளிர்ல மேல்தண்ணி கனத்து அடில எறங்கும், ஒலகம் பூரா சுத்துற ஆழ்கடல் ஓட்டத்துக்கு அது தான் தொடக்கம். 1960கள் கடைசில ஆர்க்டிக்ல இருந்து நெறைய நல்ல தண்ணியும் ஐஸும் கிரீன்லாந்து ஓரமா எறங்கி வந்துச்சு. 1969ல இருந்து 71 வரைக்கும் கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவுல இருக்கிற லாப்ரடார் கடல்ல குளிர்காலத்துலயும் தண்ணி ஆழத்துக்கு எறங்கவே இல்ல, மேல மூடி போட்ட மாதிரி ஆயிடுச்சு. அங்க நின்ன பிராவோங்கற வானிலைக் கப்பல் விடாம அளந்ததால தான் அது தெரிஞ்சுது. அந்த உப்பு கொறஞ்ச தண்ணி வட அட்லாண்டிக்க ஒரு சுத்து சுத்தி வர 1980கள் ஆயிடுச்சு. மாறின அளவு பல எடத்துல 1 யூனிட்டுக்கும் கீழ தான் சார்.

நம்ம ஊருக்கும் இதுல கை இருக்கு. பள்ளிக்கரணை என்ஐஓடி (தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம்) ஆளுங்க செஞ்ச இண்டார்க்ன்னு ஒரு கருவித் தொடர் 2014 ஜூலைல நார்வேக்கு மேல ஸ்வால்பார்ட்ல, 192 மீட்டர் ஆழமுள்ள எடத்துல எறக்கினாங்க, தண்ணிக்குள்ளயே நின்னு உப்பும் சூடும் அளக்கும்.

கல்மண்டபம்_பொண்ணு:

உப்புக்காத்து அண்ணா, டெக்னீஷியன் சார், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஐஸ் மேப்ப மேல போட்டு ஐஸ்ல இருந்து கொஞ்ச தூரம் வரைக்கும் உள்ள கட்டத்தெல்லாம் எடுத்துட்டு மாச சராசரி போட்டேன், பேரண்ட்ஸ் பள்ளம் கிட்டத்தட்ட காணாமப் போயிடுச்சு, காரா அப்படியே நிக்குது. கைடு ஒத்துக்கிட்டார், காராவ திரும்ப சேத்தாச்சு.

இன்னொண்ணும் பண்ணேன். காசிமேட்ல இருந்து நைனா ஒரு பக்கெட் கடல் தண்ணியும் ஒடஞ்ச ஐஸ் பார் துண்டும் எடுத்துட்டு வந்தாரு. வீட்ல இருக்கிற, குடிதண்ணில கரைஞ்ச உப்ப பாக்கற டிடிஎஸ் மீட்டர் கடல் தண்ணிய தாங்காது, ஓவர்னு காட்டும், அதனால மேல இருந்து ஒரு டம்ளர், அடில இருந்து சின்ன டியூப் வெச்சு ஒரு டம்ளர் எடுத்து, ரெண்டையும் ரூம் சூட்டுக்கு வரவிட்டு, ஒண்ணுக்கு ஒம்பது வாட்டர் கேன் தண்ணி கலந்து பாத்தேன். ஐஸ் கரைஞ்ச மேல்தண்ணி அடித்தண்ணில பாதி கூட காட்டல. கலக்காம தான் இப்படி, கைய விட்டு ஒரு சுத்து சுத்தின ஒடனே ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. நைனா மேல்தண்ணிய நாக்குல வெச்சு பாத்துட்டு, "இது ஆத்துத் தண்ணி மாரி கீது"ன்னார்.

சார், ஒரே ஒரு சந்தேகம், ஐஸ் ஓரத்துல காத்து இல்லாத நாட்கள மட்டும் பிரிக்கணும்னா காத்து வேகம் எவ்ளோ வரைக்கும் வெச்சுக்கலாம்?

உப்புக்காத்து:

ஒரு நம்பர்ல நிறுத்தாத தங்கச்சி. செகண்டுக்கு 5, 8, 10 மீட்டர்னு மூணு தடவை பிரிச்சுப் பாரு, மூணுலயும் பள்ளம் அதே எடத்துல அதே ஆழத்துல நின்னா வெச்சுக்கோ, இல்லனா விட்டுடு.