பால்வாடியில் பகல் தூக்கம், வீட்டில் இராத்திரி ஆட்டம்: டீச்சரிடம் சொல்லலாமா?

ராஜபாளையத்துக்காரி:
என் மகனுக்கு மூன்று வயது இரண்டு மாதம். ஜூனிலிருந்து எங்கள் தெருமுனை அங்கன்வாடிக்குப் போகிறான். முதல் வாரம் ஒரே அழுகை. இப்போது அங்கே படித்த பாட்டை எங்களுக்கே சொல்லித் தருகிறான். வீட்டில் முட்டையைத் தொடாதவன், அங்கே மஞ்சள் கருவையும் விடுவதில்லையாம். எல்லாம் சரி, தூக்கம்தான் பிரச்சினை. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு முடிந்ததும் பாய் விரித்துப் படுக்க வைக்கிறார்கள். மூன்று மணிக்கு நான் கூப்பிடப் போனால் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருக்கிறான். அப்புறம் இராத்திரி பதினொன்றரை வரை வீடு முழுக்க ஓட்டம். "டீச்சரம்மா நிம்மதியா உட்காரத்தான் தூங்க வைக்கிறாங்க" என்கிறார் மாமியார். பகலில் தூங்க வைக்க வேண்டாம் என்று சொன்னால் டீச்சர் கோபித்துக்கொள்வாரா?

செவலைக்காளை:
தனியார் நர்சரியில் சேருங்கள் சகோ. பன்னிரண்டு மணிக்கே வேனில் வீட்டுக்கு வந்துவிடுவான். என் மகள் அப்படித்தான். (வந்ததும் வீட்டில் தூங்கிவிடுகிறாள், அது வேறு கதை.)

பழைய டீச்சர்:
நான் திண்டுக்கல் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மைதான்மா, மறைக்கவில்லை. பிள்ளைகள் தூங்கும் நேரத்தில்தான் பதிவேடு எழுதுவோம். 2021-க்குப் பிறகு போஷன் டிராக்கர் செயலியும் சேர்ந்துகொண்டது. எடை, உயரம், வருகை எல்லாம் போனில் ஏற்ற வேண்டும். இருபது பிள்ளைகள் விழித்திருக்கும்போது போனைக் கையில் எடுத்துப் பாருங்கள், தெரியும்.

மற்ற பாதியைக் கேளுங்கள். காலையில் கை கழுவி, பாட்டு, கதை, வெளியே மண்ணில் விளையாட்டு, சத்துமாவு, பிறகு சாப்பாடு என்று போகும் நாளில் பிள்ளைக்கு உடம்பு தானாகவே படுக்கையைக் கேட்கும். நாங்கள் யாரையும் அதட்டித் தூங்க வைத்ததில்லை. காலைக் கழுவி, ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துவிட்டால் பாதிப் பேர் சாய்ந்துவிடுவார்கள். ஒருத்திக்கு அம்மாவின் பழைய சேலைத் துண்டு வேண்டும், அதைப் பையிலேயே வைத்திருப்போம். தூக்கம் வராத பிள்ளையைப் பலகையும் சாக்பீசுமாக ஓரத்தில் உட்கார வைப்போம்.

இப்போது கணக்கு. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. உங்கள் பையன் காலையில் எத்தனை மணிக்கு எழுகிறான்? அதைச் சொல்லவே இல்லையே. பதினொன்றரைக்குப் படுத்தால் எட்டரைக்குத்தான் எழுவான் என்று நினைக்கிறேன். இரவு ஒன்பது, பகல் இரண்டு, ஆக பதினொன்று. தூக்கத்தின் அளவு குறையவில்லை, இடம்தான் மாறிக் கிடக்கிறது. பகல் தூக்கத்தை மட்டும் நிறுத்தினால் சாயங்காலம் ஆறு மணிக்குக் காரணமில்லாமல் அழுவான், ஏழு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டிலேயே தூங்குவான், ஒன்பதுக்கு எழுந்து மறுபடியும் ஆடுவான்.

இன்னொன்று, இராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு யாராவது வருகிறார்களா?

உட்லண்ட்ஸ் அப்பா:
சிங்கப்பூரிலும் முழுநாள் பராமரிப்பு நிலையங்களில் மதியம் தூங்க வைக்கிறார்கள். சிலர் குளிப்பாட்டியும் விடுகிறார்கள். எங்கள் மகன் இரவில் கண் மூடாதபோது ஆசிரியையிடம் பேசினோம். தூக்கத்தை நிறுத்தவில்லை, அரை மணி நேரம் முன்னதாக எழுப்பினார். எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ராஜபாளையத்துக்காரி:
டீச்சரம்மா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அவர் மில்லில் இரண்டாம் ஷிப்ட். பத்துக்கு முடிந்து வீடு வரப் பத்தரை. வண்டிச் சத்தம் கேட்டதும் இவன் வாசலுக்கு ஓடுவான். அப்பாவும் மகனும் யானை ஏறி விளையாடி முடிக்கப் பதினொன்றரை. காலையில் எட்டரைக்கு எழுந்து, பத்தேமுக்காலுக்குத்தான் அங்கன்வாடிக்குப் போகிறான். ஆக, மண்ணில் விளையாடும் நேரமெல்லாம் அவனுக்குப் போய்விடுகிறது. ஆனால் அவருக்கு மகனைப் பார்க்கக் கிடைப்பதே அந்த ஒரு மணி நேரம். அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

பழைய டீச்சர்:
பிடுங்க வேண்டாம்மா. இரண்டாம் ஷிப்ட் என்றால் காலையில் வீட்டில்தானே இருப்பார்? யானையைக் காலைக்கு மாற்றுங்கள். ஏழு மணிக்கு எழுப்பி, அவரே குளிப்பாட்டி, ஒன்பதரைக்குள் கொண்டுபோய் விடட்டும். டீச்சரிடம் "தூங்க வைக்காதீங்க" என்று சொன்னால் குறை சொல்வது போலிருக்கும். "இரண்டரைக்கு எழுப்பிவிடுங்க டீச்சர்" என்று கேளுங்கள், செய்வார்கள். எழுப்பும்போது முதலில் ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் பட்டுப் பிள்ளை தானே புரளும். உலுக்கி எழுப்பினால் சாயங்காலம் முழுக்க சிணுங்கல்தான்.

ராஜபாளையத்துக்காரி:
பன்னிரண்டு நாள் ஆகிறது. முதல் நான்கு நாள் காலையில் ரகளை, அவருக்கும் தூக்கம் போதாமல் கண் சிவந்துதான் போனார். இப்போது ஒன்பதே முக்காலுக்குத் தூங்குகிறான், சில நாள் பத்தேகால். வண்டிச் சத்தத்துக்கு இரண்டு முறை எழுந்துவிட்டான், அதனால் தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருகிறார். மாமியார் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. தினமும் காலையில் என் வீட்டுக்காரர் போய் நிற்பதைப் பார்த்து, டீச்சர் நேற்று ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்து ஜன்னல் கொக்கியைச் சரிசெய்ய வைத்துவிட்டாராம்.